தென்கரைக்குச் சீட்டு கிடையாது

எங்கள் துறையில் இரண்டு பேராசிரியர்களைப் பிரித்து வைத்திருந்தது ஓர் இரும்பு பீரோ வரிசை. நடுவில் சுவர் எழுப்பக் கொடுத்த விண்ணப்பம் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்ததால், பழைய பீரோக்களை நிறுத்தி ஒரு பெரிய அறையை இரண்டாக்கியிருந்தார்கள். ஜன்னல் பக்கம் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான கைடு. அவர் எண்ணிக்கைக்காரர். எண்ணி எழுத முடியாத எதையும் நம்பமாட்டார். கதவுப் பக்கம் அவருடைய மச்சினர், அதாவது அவர் மனைவியின் தம்பி. அவர் பேச்சுக்காரர். வகுப்பறையில் போய் உட்காராமல், பிள்ளைகளோடு பேசாமல், பரீட்சைத் தாளை மட்டும் திருத்திச் செய்கிற கல்வி ஆராய்ச்சி அவரைப் பொறுத்தவரை கிளி ஜோசியம்.

இவர் பேசுவது அவர் காதில் விழும். அவர் பேசுவது இவர் காதில் விழும். இருவரும் விழாத பாவனையில் இருப்பார்கள். மத்தியானம் மட்டும் சண்டை நிற்கும். இரண்டு பேருக்கும் சாப்பாடு ஒரே டிபன் கேரியரில் கைடு வீட்டிலிருந்து வரும். அக்கா தம்பிக்கும் சேர்த்துத்தான் சமைப்பார். ஆனால் பீரோவைச் சுற்றிக்கொண்டு யார் யாரிடம் போவது என்பதில் தினமும் ஒரு கௌரவப் பிரச்சினை. கடைசியில் நான்தான் ஓர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போவேன். என் முனைவர் பட்டத்தில் பாதி அந்த அடுக்கைச் சுமந்ததற்காகவே கொடுத்திருக்கலாம்.

அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பதிவுக் காலம் முடிந்து, கெஞ்சி ஒரு நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது என்று அலுவலகத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு வேலையை முடிக்காவிட்டால் பட்டம் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் மாமியார் வேறு, "டாக்டர் ஆன பொறவு என் முட்டி வலிக்கு நல்லதா ஒரு மாத்திரை எழுதித் தருவல்லா?" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுக்கொண்டிருப்பார். கேலியா, உண்மையாகவே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் ஆராய்ச்சி பின்னத்தைப் பற்றியது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளைகூட அரையையும் காலையும் கூட்டச் சொன்னால் திருதிருவென்று முழிக்கும். அதற்கு நான் ஒரு சீட்டு விளையாட்டு கண்டுபிடித்திருந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் கால், அரை, முக்கால், எட்டில் ஒன்றான அரைக்கால் என்று எண்ணாகவும் படமாகவும் எழுதிக் கலைத்துப் போட வேண்டும். கையில் சேர்ந்த சீட்டுகள் கூட்டிச் சரியாக ஒன்று வந்ததும் "முழுசு!" என்று கத்தித் தரையில் அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமா? மாமியார் மட்டும், மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கத்தரிப்பது வீட்டுக்கு ஆகாது என்று முனகினார். கைடு மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்து ஒரு கட்டுப் பத்திரிகை மிச்சம் கிடந்தது. கேட்டேன். "எம் மக கல்யாணப் பத்திரிகையில சீட்டாடப் போறியளாம்மா?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

விளையாட்டு என்னுடையது. ஆராய்ச்சித் திட்டம், அதாவது டிசைன், கைடுடையது. இரண்டு ஊர் வேண்டும்; ஒரே மாதிரியான ஊர்கள். ஓர் ஊர் சோதனைக் குழு: அங்கே சீட்டு. இன்னோர் ஊர் கட்டுப்பாட்டுக் குழு: அங்கே சீட்டின் வாடையே அடிக்கக் கூடாது, வாத்தியார் எப்போதும்போல் கரும்பலகையில் நடத்த வேண்டும். முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் சீட்டின் யோக்கியதை தெரிந்துவிடும். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, ஆற்றின் வடகரையில் ஒன்றும் தென்கரையில் ஒன்றுமாக எதிரெதிரே இரண்டு ஊர்களைக் கண்டுபிடித்தோம். இரண்டிலும் வாழையும் நெல்லும். இரண்டிலும் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம்.

கைடு ஒரே ஒரு நாள் நேரில் வந்து பார்த்தார். கார்த்திகை மாதம், விடாத மழை. குடையைப் பிடித்துக்கொண்டு வடகரை மேட்டில் நின்றார். தாமிரபரணி இரண்டு கரையும் முட்ட, செம்மண் நிறத்தில் மரக்கிளையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. அவருக்குப் பரம திருப்தி.

"நடுவுல ஆறு கெடக்கு. இதவிட மதில் எங்கம்மா கெடைக்கும்?" என்றார்.

மறுநாள் துறையில் அதையே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார், பீரோவுக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று. அந்தப் பக்கத்திலிருந்து பைய ஒரு குரல் வந்தது. "மதில் போட்டது சரி அத்தான். வாசல் எங்கன வச்சிருக்கிய?"

கைடுக்கு அது விழாத காது.

எனக்கும் ஆறு மதிலாகத்தான் பட்டது. அதற்குக் காரணம் பஸ். நான் வடகரைக்கு ஒரு பஸ்ஸில் போவேன். அங்கே முடித்து, ஸ்ரீவைகுண்டம் வந்து, பாலத்தைத் தாண்டிப் போகிற வேறு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, வாழைத் தோட்டங்களுக்குள் சுற்றித் தென்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். இரண்டும் வேறு வேறு தேசம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடகரையில் முதலில் சின்னக் கலவரம். பள்ளிக்கூடத்திலேயே சீட்டு விளையாடப் படித்துக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பி, சில தகப்பன்மார் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வாழைத் தோப்பில் சீட்டாடிவிட்டு நேரே எழுந்து வந்தவர்கள் என்று தலைமையாசிரியர் என் காதில் சொன்னார். உட்கார வைத்து ஆட்டத்தைக் காட்டினேன். அரைக்கால் எது, கால் எது என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு வந்து, பிள்ளைகள்தான் தீர்த்து வைத்தார்கள். அதன்பின் யாரும் விசாரிக்க வரவில்லை.

தென்கரையில் கலவரமே இல்லை. அந்த ஊர் வாத்தியார் சொன்ன சொல் தவறாத மனிதர். "எப்பமும்போல நடத்தச் சொன்னிய. எப்பமும்போலதான் நடத்துதேன். ஒரு கணக்கு கூடப் போடமாட்டேன், ஒரு கணக்கு கொறையவும் போடமாட்டேன்" என்றார். தம் பள்ளிக்கூடம் கட்டுப்பாட்டுக் குழு என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. பல்கலைக்கழகமே நம்ம பள்ளிக்கூடத்தைக் கட்டுப்பாடானது என்று சொல்லிவிட்டது என ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

முன்தேர்வுக்குத் தாளை நீட்டிக்கொண்டே வந்தபோது, முதல் வரிசையில் ஒரு பெண் பிள்ளை என் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டது. எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை.

"அது என்ன சீட்டு டீச்சர்?"

"வேற ஊருப் பிள்ளைகளுக்கு."

"எங்களுக்குக் கெடையாதா?"

"உங்களுக்கு அப்புறம். பரீட்சையெல்லாம் முடிஞ்ச பொறவு தாரேன்."

அந்தப் பிள்ளை தாளை வாங்கிக்கொண்டது. பிறகு கேட்டது, "நாங்க என்ன செஞ்சோம் டீச்சர்?"

கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. அன்று பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் வரும்வரை அந்தக் கேள்விதான். கைடிடம் சொன்னேன். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பேசினார். "மருந்து குடிக்காத ஆளு நாலு பேரு இருந்தாத்தானம்மா மருந்து வேல செய்யுதான்னு தெரியும்? பாவம் பாத்தா ஆராய்ச்சி நடக்காது." அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பொங்கல் வந்து போனது. மாசியில் பின்தேர்வு நடத்தினேன். தாள்களைத் திருத்திக் கூட்டி, கைடு மேசையில் வைத்தேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். ஒரு முறை தட்டினார். பேட்டரியைக் கழற்றி மாட்டி இன்னொரு முறை தட்டினார். பிறகு காகிதத்தில் கையால் போட்டுப் பார்த்தார். வடகரை நன்றாக ஏறியிருந்தது. தென்கரையும் அதே அளவுக்கு ஏறியிருந்தது. சொல்லப்போனால் தென்கரை ஒரு மயிரிழை கூடுதல்.

"அந்த வாத்தியாரு நம்மள ஏமாத்திட்டாரு" என்றார் கைடு.

"அவரு அப்படிப்பட்டவரு இல்ல, ஸார்."

"அப்படின்னா உங்க சீட்டு ஒண்ணுத்துக்கும் ஆகாத சீட்டு. ரெண்டுல ஒண்ணுதான். எப்படி இருந்தாலும் இந்தக் கட்டுப்பாட்டுக் குழுவ வச்சு தீசிஸ் எழுத முடியாது. அடுத்த வருசம் வேற ஊரு பாப்போம்."

எனக்கு அடுத்த வருஷம் என்பதே கிடையாது என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு அவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"போயிப் பாத்துட்டு வரச் சொல்லுங்க அத்தான்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு வே? டிசைன்லயே கெடையாது!"

"டிசைன்ல இல்லாததுதான் அங்கன நடந்திருக்கு."

நான் யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். வடகரைப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. சத்துணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். "ஆத்துலதான் கெடக்கும், வேற எங்க?" என்றார், இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற முகத்தோடு.

கரை மேட்டில் ஏறி நின்றேன். கைடு குடை பிடித்து நின்ற அதே இடம். கீழே ஆற்றைக் காணோம். ஓரமாகக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் சிலுசிலுவென்று ஓடியது. நடுவில் பெரிய மணல் திட்டு. இந்தக் கரைப் பெண்களும் அந்தக் கரைப் பெண்களும் எதிரெதிரே துணி துவைத்தபடி நடுவில் ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். மணல் திட்டில் பிள்ளைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தன. வடகரை எது, தென்கரை எது என்று பிரிக்கவே முடியவில்லை. கல்யாணப் பத்திரிகைச் சீட்டுகள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். அதிலே ஒரு வட்டத்திலிருந்து "முழுசு!" என்று ஒரு கத்தல் கேட்டது. பார்த்தால், முன்பல் இல்லாத இரட்டைச் சடை.

அழ வேண்டிய இடம்தான் அது. என் ஆண்டுகள் எல்லாம் அந்த மணலில் கொட்டிக் கிடந்தன. ஆனால் எனக்கு வந்தது சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு, கூடவே சொல்ல முடியாத சந்தோஷம். தென்கரைக்குக் கிடையாது என்று நாங்கள் பேராசிரியர், பல்கலைக்கழகம், பாலம் சுற்றிப் போகிற பஸ் எல்லாம் வைத்துத் தடுத்ததை அந்தப் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். "ஏட்டி, உனக்கு இத யாரு படிச்சுக் குடுத்தா?" என்றேன்.

"யாரும் படிச்சுக் குடுக்கல டீச்சர். இவ எங்க அத்த மகதான. இவளுவ வெளையாடுனாளுவ, நாங்களும் சேந்துக்கிட்டோம்."

திங்கட்கிழமை இதைக் கைடிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன பிள்ளைய? எத்தன நாளா?"

"எண்ணலை, ஸார்."

"பொறவு? ஒரு நா போயிப் பாத்தத வச்சு ஒண்ணுஞ் சொல்லக்கூடாதும்மா."

அதுவரை மரியாதையாக இருந்தவள்தான் நான். "நீங்களும் ஆத்த ஒரு நாதான் பாத்திய, ஸார். கார்த்திகையில பாத்துட்டு மாசிக்கும் மதில்னு எழுதிட்டிய" என்றேன்.

பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மச்சினர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கும் தெரிந்தது, கைடுக்கும் தெரிந்தது. கைடு இத்தனை வருஷமாக ரயில் ஜங்ஷன் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் அதே ஆற்றைக் கடந்து வேலைக்கு வருகிற மனிதர். அது வற்றுவதையும் பெருகுவதையும் பஸ் ஜன்னல் வழியாக எத்தனை முறை பார்த்திருப்பார்! கடைசியில், "சனிக்கிழம நானும் வாரேன்" என்றார்.

மச்சினரும் கிளம்பிவிட்டார், டிபன் கேரியரோடு. அன்று இரண்டு பேராசிரியர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தாமிரபரணியில் இறங்கியதை நான் பார்த்தேன். கை பிடித்ததை இருவரும் பிற்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. வழுக்குப் பாறை இருந்தது என்றார்கள்.

மணலில் உட்கார்ந்ததும் மச்சினர் பிள்ளைகளோடு பேச ஆரம்பித்தார். யார் யாருக்கு அத்தை மகள், யார் யாருக்குச் சித்தி மகன், எந்த வீட்டுப் பெண் எந்தக் கரையில் வாக்கப்பட்டிருக்கிறாள். அரை மணி நேரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஐம்பது கல்யாணம் நடந்திருப்பது தெரிந்தது. கைடு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று நிமிர்ந்து, "எல்லாப் பிள்ளையளும் ஆத்துக்கு வருமா?" என்றார். வராது. வாழைத் தோட்டத்தில் வேலை இருக்கிற பிள்ளைகள் வருவதில்லை. ஆற்றுக்கு விடாத வீட்டுப் பிள்ளைகளும் வருவதில்லை. இரண்டு கரையிலும் அப்படி இருந்தார்கள்.

அவர் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். பென்சிலைத் தேடிச் சட்டைப் பையைத் தட்டினார். "வடகரை, தென்கரைன்னு பிரிச்சதுதான் தப்பு. ஆத்துக்கு வந்த பிள்ள, வராத பிள்ளன்னு பிரிக்கணும். ஒவ்வொரு பிள்ளையா விசாரிப்போம். ஏ மாப்ள, நீரு பேசும், நான் எழுதுதேன்" என்றார். மச்சினர் பேசினார். கைடு எழுதினார். நான் சோற்றை உருட்டி ஆளுக்கொரு கை கொடுத்தேன். அவர் மச்சினரை நேராக உறவு சொல்லி அழைத்து நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த வாரம் மறுபடி கால்குலேட்டர் வந்தது. ஆற்றுக்கு அடிக்கடி வந்த பிள்ளைகள், எந்தக் கரையாக இருந்தாலும், பின்னத்தில் ஏறியிருந்தார்கள். தென்கரையில் ஆற்றுக்கு வராத சில பிள்ளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வடகரையில் வராத பிள்ளைகள் பள்ளிக்கூட ஆட்டத்தால் ஓரளவு ஏறியிருந்தார்கள், ஆனால் ஆற்றுப் பிள்ளைகள் அளவுக்கு இல்லை. கண்ணால் பார்க்காவிட்டால் எதை எண்ணுவது என்று தெரிந்திருக்காது. எண்ணாவிட்டால் பார்த்தது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். அதை நான் தீசிஸில் எழுத நாற்பது பக்கம் பிடித்தது.

வாய்மொழித் தேர்வான வைவா அடுத்த ஆண்டு. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இது எண்ணிக்கை ஆய்வா, களத்தில் பேசிச் செய்த ஆய்வா, எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கைடு சொன்னார்: "ரெண்டும்தான். எங்களுக்கு ஒரே கேரியர்லதான் சோறு வரும்." தேர்வாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டம் கொடுத்துவிட்டார். மாமியாருக்கு இன்னும் மாத்திரை எழுதித் தரவில்லை.

ஆனால் எனக்கு அது முடிந்தது வைவாவில் அல்ல. அதற்கு முந்தைய பங்குனியில், பள்ளிக்கூடம் அடைப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால். கைடு ஒரு நாள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே சீட்டுகள். மூலையில் மஞ்சள் தடவியவை. அவர் மகள் கல்யாணப் பத்திரிகைக் கட்டு முழுவதையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் வெட்டி, கால், அரை, முக்கால் எல்லாம் சிவப்பு மசியில் எழுதியிருந்தார். என்னைப் பார்க்காமல், "தென்கரைப் பிள்ளைக்குத் தாரேன்னு சொன்னியல்லாம்மா? குடுத்துருங்க" என்றார்.

அன்று நான் ஸ்ரீவைகுண்டம் சுற்றிப் போகவில்லை. வடகரையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆற்றைக் கடந்து, நனைந்த சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டு நேரே தென்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பையை நீட்டினேன். "அப்புறம் தாரேன்னு சொன்னேன்லா? இந்தா."

அது பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. விழுந்த பல் முளைத்துப் பாதி வந்திருந்தது. பிறகு சீட்டை உள்ளே போட்டு, பையின் வாயைச் சுருட்டி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தது.

"எங்ககிட்ட இருக்கு டீச்சர், நாங்களே வெட்டிக்கிட்டோம். அக்கரையிலதான் அவளுவ சீட்டெல்லாம் தண்ணியில ஊறிக் கிழிஞ்சு போச்சு. பாவம், இத அவளுவளுக்குக் குடுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஆற்றில் இறங்கினேன்.